ராத்திரி ரயில் பக்தர்

ராத்திரி ரயில் பக்தர் என்று ஓர் இனம் எங்கள் வியன்னாவில் பெருகிவருகிறது, கவனித்தீர்களா? விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் போகிற ஊருக்குப் பதினான்கு மணி நேரம் படுத்துக்கொண்டே போவார். போய் இறங்கி, கண் சிவக்கச் சிவக்க, நன்றாகத் தூங்கினேன் என்று நாலு பேரிடமாவது சொல்லாமல் பல் துலக்க மாட்டார். இந்த வண்டிகளையெல்லாம் முன்பு ஒவ்வொன்றாக நிறுத்தினார்களே, அப்போது இவர் எங்கே இருந்தார்? விமானத்தில் இருந்தார். அதைக் கேட்கக் கூடாது.

எங்கள் அலுவலகத்து எக்பர்ட் இந்த இனத்தின் முழு வளர்ச்சி. தம்பிக்கு ரோமில் பகல் பன்னிரண்டு மணிக்குக் கல்யாணம். மோதிரங்களைக் கொண்டுபோகும் பொறுப்பு இவருடையது. பறந்து போய்விடலாம் என்று மனைவி ரோஸ்விதா ஒரு மாதம் கெஞ்சினார். வானத்தில் புகை விட்டுக்கொண்டு போகும் பாவத்தைப் பற்றி எக்பர்ட் அதே ஒரு மாதம் பேசினார். பேசியவர் வென்றார். நானும் விருந்தாளி, ஆகவே நானும் அதே பெட்டியில்.

காலைச் சாப்பாட்டுச் சீட்டில் ஆறு பண்டங்களுக்குத்தான் குறி போடலாம். நான் தேனுக்குப் போட்டதை அடித்துவிட்டு, ரொட்டியில் தடவும் ஈரல் பசைக்குப் போடவைத்தார். ஏணியில் எந்தக் காலை முதலில் வைப்பது என்பதிலும் அவருக்குக் கொள்கை உண்டு. பிறகு சொன்னார்: "நடுராத்திரி வில்லாக் ஸ்டேஷன்ல வண்டிய ரெண்டாப் பிரிப்பாங்க. முன்பக்கம் ரோம், பின்பக்கம் வெனிஸ். விவரம் இல்லாதவங்க மாட்டிக்குவாங்க, பாவம்."

பாவப்பட்டவர்களை எச்சரிக்க வேண்டாமா? மோதிரங்கள் சட்டைப் பையில், காலில் படுக்கையோடு கொடுத்த துணிச் செருப்பு, பெட்டி பெட்டியாகக் கிளம்பினார். வெனிஸ் பெட்டியில் ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர் அகப்பட்டார். முதல் தடவை வருபவர், குறுக்கே பேசாதவர். வண்டி பிரிக்கும் முறையை எக்பர்ட் விளக்கிக்கொண்டிருக்கும்போதே வண்டி பிரிந்தது. கொக்கி கழன்ற சத்தத்தைக்கூட, கேட்டீர்களா, இதுதான் அது என்று டாக்டருக்குச் சுட்டிக்காட்டினாராம்.

காலை எட்டரைக்கு, எங்கள் பாதி வண்டி ரோமை நெருங்குகையில், ரோஸ்விதாவின் போன் அடித்தது; எக்பர்ட்.

"எங்க இருக்க?"

"வெனிஸ்ல."

"மோதிரம்?"

"பத்திரமா இருக்கு."

"எங்க பத்திரமா இருக்கு?"

"அதுவும் இங்கதான்."

ரோஸ்விதா கத்தவில்லை. "உன் தம்பி வெறுங்கையோட நின்னான்னா, இனிமே நீ எங்க போனாலும் நடந்துதான் போவ. ஏர்போர்ட்டுக்குப் போ, எக்பர்ட்."

போனார். துணிச் செருப்போடு, விமானத்தில், ஜன்னல் ஓரமாக. பன்னிரண்டுக்கு நாலு நிமிடம் இருக்கையில் நகர மண்டபத்துக்குள் ஓடி வந்தார். கல்யாணம் நடந்தது. விருந்தில் மணப்பெண்ணின் அத்தை பயணத்தைப் பற்றி விசாரிக்க, எக்பர்ட் எங்கள் பக்கம் திரும்பாமல், "ராத்திரி ரயில்ல வர்ற சுகமே தனிங்க" என்று ஆரம்பித்தார். ரோஸ்விதா போனை எடுத்து, ஊர் திரும்ப விமான டிக்கெட் போட்டார். ஒன்றே ஒன்று.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நடுவிலே, வெனிஸில் எட்டரைக்கு இறங்கியவர் ஓடிப்போய் ஏதாவது விரைவு வண்டியைப் பிடித்திருந்தால் விமானமே வேண்டியிருக்காதே என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியதா? அந்த வண்டிக்கும் நாலு மணி நேரம் பிடிக்கும். கணக்கு ஓடியிருந்தால், தயவுசெய்து, யார் வீட்டு மோதிரத்தையும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.