கமா அண்ணாச்சிக்குப் பத்து நிமிஷம்

தென்காசி மாவட்டத்தில் இதுவரை மைக் பிடித்தவர்களிலேயே தலைசிறந்த பேச்சாளர் யார் என்று என்னைக் கேட்டால், 'வணக்கம்' என்ற ஒரே சொல்லுக்கு ஒன்றேகால் நிமிஷம் எடுத்துக்கொள்பவர்தான் என்பேன். இதை மறுப்பவர்கள் இரண்டு வகை. அவர் பேச்சைக் கேட்காதவர்கள், 'வணக்கம்' முடிவதற்குள் டீ குடிக்கப் போனவர்கள்.

ஊருக்கு அவர் கமா அண்ணாச்சி. குற்றாலம் ரோட்டில் ஒரு மாடியில் இருந்த கேபிள் டிவி ஆபீசில் நான் நாலு வருஷம் வேலை பார்த்தேன். எனக்கு அடுத்த மேஜை அவருடையது. பிறந்ததிலிருந்தே திக்குவாய். பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு வாத்தியார், "இவன் வார்த்தைக்கு வார்த்தை கமா போடுதான்லே" என்று சொல்லி வகுப்பைச் சிரிக்க வைத்திருக்கிறார். இவர் எழுந்து, "க-கமாதான சார்? மு-முற்றுப்புள்ளி இல்லல்லா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தாராம். அன்றிலிருந்து அந்தப் பெயரை அவரே விரும்பி வைத்துக்கொண்டார்.

ஆபீசில் அவருக்கு முதலில் கிடைத்தது வயர் இழுக்கும் வேலை. ஒருநாள் முதலாளியிடம் போய், புகார் ஃபோன் சீட் தனக்கு வேண்டும் என்று கேட்டார். முதலாளி பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏ, ஊர்ல பேசுதவன் எல்லாம் அந்த சீட்டைக் கண்டா ஓடுதான். நீ ஏம்பா கேக்க?"

"கோ-கோவத்துல கூப்பிடுதவன், நா-நான் வணக்கம் சொல்லி முடிக்கையில ஆ-ஆறிருவான் மொதலாளி."

அப்படியேதான் நடந்தது. கிரிக்கெட் இறுதிப்போட்டி அன்று கடையத்திலிருந்து ஒருத்தர், ஆபீசையே கொளுத்திவிடுவதாகச் சொல்லிக்கொண்டு கூப்பிட்டார். அண்ணாச்சி 'வ'வில் நின்றார். 'ண'வுக்கு வருவதற்குள் லைன் ஆட்கள் வயரை ஒட்டிவிட்டார்கள். அந்த மனிதர் குரல் இறங்கி, "படம் வந்துட்டு அண்ணாச்சி. பரவால்ல, நீங்க சொல்ல வந்ததைச் சொல்லி முடிங்க" என்றார். அண்ணாச்சியும் விடாமல் சொல்லி முடித்தார்.

அவரிடம் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. அவர் சொல்லிக்கொண்டிருக்கும் சொல்லை வேறு யாரும் முடித்து வைக்கக் கூடாது. முடித்தால், சொல்லையே மாற்றிவிடுவார்.

கீழே டீக்கடையில் ஒருநாள், "மாஸ்டர், ஒ-ஒரு கா-கா" என்று ஆரம்பித்தார். மாஸ்டர் நல்ல மனசுக்காரர். "காப்பியா அண்ணாச்சி?" என்று எடுத்துக் கொடுத்தார். அண்ணாச்சி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கா-காலி டம்ளர்" என்று சொல்லி, வெறும் டம்ளரோடு மாடியேறி வந்தார்.

"காப்பி குடிக்கத்தான அண்ணாச்சி போனிய?" என்று கேட்டேன்.

"ஆ-ஆமா தங்கச்சி."

"பின்ன?"

"எ-என் பேச்சை அந்தாளு குடிச்சிட்டான்லா."

கடையம் பஸ்ஸில் ஏறி "க-க" என்றபோது கண்டக்டர் அவசரப்பட்டு "கடையம்தான?" என்றிருக்கிறார். சரியான விடைதான். ஆனாலும் அண்ணாச்சி "க-கடையநல்லூர்" என்றார். அது நேர் எதிர்த்திசை. "இது அங்கன போகாதே அண்ணாச்சி!" "அ-அப்ப இறக்கி விடுங்க." இறங்கி, வெயிலில் நின்று, அடுத்த கடையம் பஸ்ஸைப் பிடித்துப் போனார். நானும் யோக்கியம் இல்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் அவர் ஸ்டேப்ளர் கேட்க வாயெடுத்து, என் வாய்த்துடுக்கால் ஸ்பேனரை வாங்கிக்கொண்டு போன நாட்கள் உண்டு.

அவரை நேராக்க ஊர் பார்க்காத வைத்தியம் இல்லை. நாக்கில் வசம்பு தேய்த்தார்கள். கோயில் மணியைக் கழுவிய தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார்கள். நாற்பத்தெட்டு நாள் ஐந்தருவியில் தலையைக் கொடுத்து நில் என்றார்கள். நின்றார். "நா-நாக்கு அப்படியேதான் இருந்துது. ச-சளிதான் சரளமா வந்துது" என்பார்.

சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்களில் யாராவது ஒருவர், அருவிக்கரையில் ஈரத்துண்டோடு நின்றுகொண்டு அந்தக் கிரேக்கக் கதையை அவருக்குச் சொல்லாமல் போனதில்லை. அந்தக் காலத்தில் ஒருத்தர் கூழாங்கல்லை வாயில் போட்டுப் பேசிப் பழகிப் பெரிய பேச்சாளர் ஆனாராமே, அது. அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டுக்கொள்வார். பிறகு, "அ-அந்தாளு கல்லைத் துப்பிட்டு எ-என்ன பேசுனாருன்னு சொல்லுங்க" என்பார். ஒருவருக்கும் தெரியாது. "பா-பாத்தியளா? க-கல்லைத்தான் ஞாபகம் வச்சிருக்கிய" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

அவர் பேச்சாளர் ஆனது ஒரு கேள்வியால். மாற்றுத்திறனாளிகள் தின விழா ஒன்றை எங்கள் சேனலில் நேரடியாகக் காட்டினோம். அண்ணாச்சி கேமரா வயரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேடையில் தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவர், "மனசு வைத்தால் மலையும் கடுகு" என்று முழங்கிக்கொண்டிருந்தார். விருது வாங்க வந்தவர் சக்கர நாற்காலிக்காரர். மேடைக்கு ஆறு படி. அதனால் விருதைக் கீழே கொண்டுவந்து, அங்கேயே கொடுத்தார்கள். அண்ணாச்சி வயரைக் கீழே போட்டார்.

"ஐ-ஐயா, அவரு ம-மனசு வச்சிட்டாரு. நீ-நீங்க எப்ப சாய்தளம் வப்பிய?"

கைதட்டல் அடங்கச் சற்று நேரம் ஆனது. அதற்கப்புறம் பள்ளி, கல்லூரி என்று ராயகிரி வரைக்கும் அழைப்புகள். "எ-எங்களைப் பாத்து உருகாதிய. க-கதவை அகலமா வைங்க" என்பதுதான் எல்லா ஊரிலும் அவர் பேச்சு. கூப்பிட வருகிறவர்களிடம் முதலில் அவர் கேட்பது: சாய்தளம் உண்டா? காது கேளாத பிள்ளைகளுக்குச் சைகையில் சொல்ல ஆள் உண்டா? இல்லையென்றால் வரமாட்டார்.

இந்தச் சமயத்தில்தான் சிவகிரியிலிருந்து அந்த ஃபோன் வந்தது. எங்கள் புகார் ஃபோனில் காதில் வைக்கும் பாகம் உடைந்து போயிருந்ததால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேச்சு. ஆபீஸ் முழுக்கக் கேட்கும்.

"ஹ-ஹ-ஹலோ, எ-எங்க வீட்டுல ட-டிவி..."

"வ-வ-வணக்கம்மா. பா-பாக்ஸ்ல சி-சிவப்பு லைட்டு..."

அந்தப் பெண்ணின் குரல் உயர்ந்தது. "கே-கேலி பண்ணுதியளா? ஒ-ஒரு பொம்பளப்பிள்ள பேசுதப்ப, இ-இப்படியா அவ மாதிரியே பேசிக் காட்டுவிய?"

இல்லை என்று சொல்லத்தான் அண்ணாச்சி பார்த்தார். 'இ'யே வரவில்லை. அது வராதது கேலியை இன்னும் மெருகேற்றிக் காட்டியது. கடைசியில், "எ-எனக்கும் இப்படித்தான் தாயி. பொ-பொறந்ததுலேருந்து" என்றார்.

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. இவரும் சிரித்தார். சிரிப்பு மட்டும் இரண்டு பக்கமும் தங்குதடையில்லாமல் வந்தது.

கூப்பிட்டவர் சிவகிரியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கணவர் ராணுவத்தில், வடக்கே எங்கேயோ. டிவி மாமியாருக்கு. பேச்சு டிவியிலிருந்து பள்ளிக்குப் போனது. டீச்சர் திக்கிப் பேசினால் பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று சில பெற்றோர் போய்ச் சொன்னார்களாம். தாளாளர் அவரை ஒன்பதாம் வகுப்பிலிருந்து எடுத்து லைப்ரரியில் போட்டுவிட்டார். "லைப்ரரில யாரும் பேசக் கூடாதுல்லா டீச்சர், உங்களுக்கும் அதான் வசதி" என்று வேறு சொல்லியிருக்கிறார்.

"ச-சமயம் வரும்போது நா-நானே கேப்பேன் அண்ணாச்சி" என்று சொல்லித்தான் டீச்சர் ஃபோனை வைத்தார். அது எங்கள் எல்லார் காதிலும் விழுந்தது. அண்ணாச்சிக்கு மட்டும் விழவில்லை போலிருக்கிறது. அன்று முழுக்க அவர் ஸ்க்ரூ டிரைவரால் மேஜையைக் குத்திக்கொண்டே இருந்தார்.

இரண்டு வாரம் கழித்து அதே பள்ளியின் தாளாளர் ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அண்ணாச்சியைக் கூப்பிட வந்தார். அண்ணாச்சி சாய்தளம் பற்றிக் கேட்கவே இல்லை. "வ-வாரேன்" என்றார்.

விழாவை எங்கள் சேனலில் நேரடியாகக் காட்டினோம். அறிவிப்பாளர் நான். தாளாளர் அண்ணாச்சிக்குப் பொன்னாடை போர்த்தி, "திக்குவாயை வென்ற சிங்கம்! பத்து நிமிஷம் பேசுவார்!" என்றார்.

சிங்கம் எழுந்தது. ஒன்றேகால் நிமிஷம் 'வணக்கம்'.

"நா-நான் ஒண்ணையும் வெல்லல. தி-திக்கு எங்கூடத்தான் இருக்கு. இ-இன்னைக்கும் ரெண்டு பேரும் சேந்துதான் வந்தோம்." பிள்ளைகள் சிரித்தார்கள். "இ-இந்தப் பள்ளிக்கூடத்துல எனக்கு ரொ-ரொம்பப் பிடிச்சது த-த-த..."

"தரம்!" என்றார் தாளாளர், பூரிப்போடு.

"த-த..."

"தலைமை?"

"த-தண்ணி. குடிக்க நல்ல தண்ணி வ-வச்சிருக்கிய."

பத்தாவது நிமிஷம் பி.டி. மாஸ்டர் மணியடித்தார். அண்ணாச்சி திரும்பிப் பார்த்து, "ப-பரீட்சையில எங்க ஆளுகளுக்குக் கூடுதல் நேரம் உண்டு. மே-மேடையிலயும் உண்டு. ம-மணியை அங்கன தூர வைங்க" என்றார். அவர் உண்மையாகவே தூர வைத்தார்.

அப்புறம்தான் வெடித்தது. "இ-இங்கன ஒரு கணக்கு டீச்சர் இருக்காங்க. அ-அவங்களும் எ-என்னை மாதிரிதான் பேசுவாங்க. அ-அதே திக்குக்கு எனக்குப் பொன்னாடை, அ-அவங்களுக்கு லைப்ரரியா? மே-மேடைக்கு ஆகுத திக்கு வ-வகுப்புக்கு ஆகாதோ?"

தாளாளர் முகம் கறுத்தது. "அது நிர்வாக விஷயம் சார்." நான் கைதட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஆசிரியர் வரிசையிலிருந்து கிளிப்பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் எழுந்து, விறுவிறுவென்று மேடையேறி வந்தார். நேரே அண்ணாச்சி முன்னால் நின்றார்.

"யா-யாரைக் கேட்டு என் விஷயத்தை எடுத்திய?"

மைக் இடையில்தான் இருந்தது. தாலுகா முழுக்கக் கேட்டது.

"நா-நானே கேப்பேன்னு சொன்னேன்லா? எ-என் வாயில வர வேண்டியதை நீ-நீங்க ஏன் சொல்லுதிய?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார். ஒரு எழுத்துகூட வரவில்லை. அது திக்கு இல்லை. அவரிடம் சொல் இல்லை, அவ்வளவுதான். மைக்கை இரண்டு கையாலும் டீச்சரிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போய், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

டீச்சர் பெற்றோர் பக்கம் திரும்பினார். "எ-எங்கிட்ட படிச்ச பிள்ளையள்ல யா-யாருக்காவது திக்கு ஒட்டிருந்தா எ-எந்திரிங்க."

ஒருவரும் எழவில்லை.

"க-கணக்கு ஒட்டிருந்தா எந்திரிங்க."

ஒன்பதாம் வகுப்பு மொத்தமும் எழுந்தது. பத்தாம் வகுப்பு எழுந்தது. பெற்றோர் பக்கம் குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் எழுந்தாள். அவளும் பழைய மாணவியாம். கடைசி வரிசையில் ஒரு தடியன் எழுந்ததும் டீச்சர், "ஏலே, நீ உக்காரு" என்றார். அது மட்டும் திக்காமல் வந்தது. மைதானம் அதிர்ந்தது.

"தி-திங்கக்கிழமை மொத பீரியடு ஒ-ஒன்பதாம் வகுப்புக்குப் போவேன். வே-வேண்டாம்னா எழுத்துல குடுங்க" என்று தாளாளரைப் பார்த்துச் சொல்லிவிட்டு இறங்கினார். வந்த நடைக்கும் போன நடைக்கும் வித்தியாசம் இல்லை.

வேனில் திரும்பும்போது புளியங்குடி தாண்டும்வரை அண்ணாச்சி பொன்னாடையை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "நா-நானும் டீ மாஸ்டர்தான் போலுக்கு, தங்கச்சி" என்றார்.

தாளாளர் எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை. டீச்சர் திங்கட்கிழமை வகுப்புக்குப் போனார். இன்றும் போகிறார்.

அந்தத் திங்கட்கிழமை மாலையே அண்ணாச்சி டீச்சருக்கு ஃபோன் போட்டார். ஸ்பீக்கர்தான், வேறு வழியில்லை. "ம-ம-ம" என்று ஆரம்பித்தார். "சாரி" என்று சொல்லியிருந்தால் நொடியில் முடிந்திருக்கும். அவர் 'மன்னிச்சுக்கிடுங்க'வைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார். கழுத்து நரம்பு புடைத்தது. மற்ற ஃபோன்கள் அடித்துக்கொண்டே இருந்தன, ஒருவரும் எடுக்கவில்லை. முதலாளியே எழுந்து போய் மின்விசிறியை நிறுத்தினார். அந்தப் பக்கமும் டீச்சர் ஒரு சொல் எடுத்துக் கொடுக்கவில்லை. சொல் முழுசாக வந்து சேர்ந்த பிறகு, "ச-சரி அண்ணாச்சி. அ-அடுத்த மாசம் ராயகிரில ஒரு கூட்டம் இருக்கு. நா-நானும் பேசுதேன், நீ-நீங்களும் வாங்க. ஆளுக்கு அ-அரை மணி நேரம் கேட்டு வாங்கிருக்கேன்" என்றார்.

இப்போது அந்த ஆபீசில் ஃபோன் எடுக்க மெஷின் வந்துவிட்டது. பதிவு செய்த குரல் ஒன்று வழுக்கிக்கொண்டு பேசுகிறது. புகாருக்கு ஒன்றை அழுத்தவும், புது இணைப்புக்கு இரண்டை அழுத்தவும். பட்டன் அழுத்த முடியாதவர்களும் கண் தெரியாதவர்களும் என்ன செய்வார்கள் என்று அண்ணாச்சி முதலாளியிடம் சண்டை போட்டிருக்கிறார். அதன் பலனாக, எதையும் அழுத்தாமல் காத்திருந்தால் அவரே எடுப்பார்.

நான் காத்திருந்துதான் பேசுகிறேன், மாதத்துக்கு ஒருமுறையாவது. நான் மதுரைக்கு வந்து மூன்று வருஷமாகிறது. எங்கள் வீட்டில் டிவி கிடையாது.