மூளை சோமனூரில் இருக்கிறது

“ஏனுங்ணா, கரண்ட் போச்சுங்க!” என்று அயனிங் டேபிளிலிருந்து மயிலாள் கூவியபோது, மேனேஜர் ஆறுச்சாமி போனில் ஒரு சந்தேகம் கேட்டுக்கொண்டிருந்தார்.

“பெரிசா ஒண்ணுமில்லீங்க அம்மிணி. வெயிலு கொறஞ்சா உடனே பேட்டரிய எடுக்கோணும்னு பெட்டிக்கு எப்படித் தெரியுது? அதைத்தான் கேக்கலாம்னு.”

“சார், அப்புறமா வெவரமாச் சொல்றேனுங்க. இப்ப வெச்சிரட்டுங்களா?” என்றாள் மறுமுனையில் தமிழ்மதி. சோமனூர் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண் அவள்.

“வெச்சிராதீங்க. இங்க இப்பத்தான் எல்லாம் நின்னுபோச்சு. நல்லவேளை, லைன்ல இருக்கறப்பவே போச்சு.”

“ஐயோ, போயிருச்சுங்களா? இதோ பாக்கறேனுங்க!”

போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு ஆறுச்சாமி மேலே பார்த்தபடி நின்றார். சற்று நேரத்தில் ஃபேன்கள் சுழன்றன. தையல் மெஷின்கள் வரிசையாக இரைந்தன.

“பாத்தியா மயிலா? ஒரு போன். வந்துருச்சு” என்றார் பெருமையாக.

நெருப்பெரிச்சல் என்ற ஊரில் லிங்கசாமியின் பனியன் கம்பெனிக்கு அந்தப் பெட்டி வந்தது 2009 ஆனி மாதம். கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாத வருஷம் அது. ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றி அலுத்துப்போன லிங்கசாமி, கூரை முழுக்க சோலார் தகடுகளைப் பதித்தார். பின்னால் காலி இடத்தில் இரண்டு சின்னக் காற்றாடிகளை நட்டார். ஒரு அறை நிறைய பேட்டரி வைத்தார். இவை எல்லாவற்றையும் கட்டி மேய்க்கத்தான் அந்தப் பெட்டி.

மேய்ப்பது லேசான வேலை இல்லை. ஆனி மாதத்தில் பாலக்காட்டுப் பக்கமிருந்து அடிக்கிற காற்று மேகங்களைத் துரத்திக்கொண்டே வரும். இந்த நிமிஷம் வெயில், அடுத்த நிமிஷம் நிழல். வெயில் குறைந்தால் பேட்டரியை இழுத்துவிட வேண்டும். காற்று தூக்கினால் மிச்சத்தைப் பேட்டரிக்கு ஏற்ற வேண்டும். இரண்டும் படுத்துவிட்டால் அயர்ன் பெட்டிகளைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்துத் தையல் மெஷின்களைக் காப்பாற்ற வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் பாரம் தாங்காமல் மொத்தமும் அணைந்துவிடும்.

பெட்டியை மாட்டிவிட்டுப் போன சோமனூர் சசிகுமார் சொன்னார்: “இது வெறும் கைகாலுதானுங்க. மூளை சோமனூர்ல எங்க ஆபீஸ்ல இருக்குது. போன் லைன் வழியா எல்லாத்தையும் பாத்துக்கும். முழுக்க ஆட்டோமேட்டிக். நீங்க எதையுமே தொட வேண்டாம்.”

ஆறுச்சாமியிடம் சொல்லக்கூடாத வார்த்தை அது. எந்தச் சாமானையும் கழற்றிப் பார்க்காமல் அவருக்குத் தூக்கம் வராது. அவர் வீட்டு மிக்சியில் ஒரு ஸ்க்ரூ எப்போதும் மிச்சமாக இருக்கும். இந்தப் பெட்டிக்கோ சீல் வைத்துவிட்டார்கள். எனவே எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து மீட்டர் முட்களையும் விளக்குகளையும் பார்த்தார். என்ன சாமர்த்தியம்! எவ்வளவு நிதானம்! மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பெட்டி கொஞ்சம் மந்தமாக இருந்தது. உச்சி வெயிலில் சூடாகிவிடுகிறது போலும் என்று நினைத்து, அதன்மேல் ஒரு டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தார்.

முதல் வாரம் பார்த்தே பொழுது போனது. இரண்டாவது வாரம்தான் சோமனூருக்குப் போன் போட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

கேட்கக் கேட்கக் கரண்ட் போயிற்று.

லிங்கசாமி அவரைக் கூப்பிட்டார். “ஆறுச்சாமி, டென்மார்க்ல இருந்து வெள்ளிக்கிழமை துணி வாங்கற அந்தம்மா வருது. நம்ம சொந்தக் கரண்ட்ல கம்பெனி ஓடறதைக் கண்ணுல பாக்கோணுமாம். பாத்துப் பிடிச்சுப்போச்சுன்னா குழந்தைங்க துணி ஆர்டர் நமக்குத்தான்.”

“பிடிக்கலீன்னாங்க?”

“பின்னாடி ஷெட்டை மூடிர வேண்டியதுதான். அயனிங்கை வெளிய குடுத்தர்லாம்.”

பின்னால் ஷெட்டில் மயிலாளோடு சேர்த்து இருபது பெண்கள் வேலை செய்தார்கள். இந்தப் பேச்சு ஜன்னல் வழியாக அவர்கள் காதிலும் விழுந்தது. அன்றைக்கு அயர்ன் பெட்டியின் உஸ் சத்தத்தைத் தவிர அங்கே வேறு சத்தமே இல்லை.

ஆறுச்சாமிக்குப் பொறுப்பு கூடிவிட்டது. இனிமேல் கரண்ட் போன பிறகு போன் செய்து பயனில்லை, முன்னாலேயே செய்ய வேண்டும் என்று முடிவு செய்தார். மணிக்கு ஒரு தரம் சோமனூருக்கு அழைத்து முள் நிலவரம் சொன்னார்.

“சார், நீங்க சொல்ல வேண்டாமுங்க. இங்கயே தெரியுதுங்க” என்று கெஞ்சினாள் தமிழ்மதி.

“இருக்கட்டும் அம்மிணி. தெரிஞ்சதை இன்னொருக்காத் தெரிஞ்சுக்கறதுல தப்பில்லை.”

இப்போது மணிக்கு ஒரு தரம் கரண்ட் போயிற்று. மணியடித்தாற்போல.

“எதுவோ ஒண்ணு மணிக்கொருக்கா ஓடி கரண்டை இழுக்குது” என்று கண்டுபிடித்தார் ஆறுச்சாமி. காற்றடிக்கும் கம்ப்ரசரைச் சந்தேகப்பட்டு நிறுத்தினார். கறை எடுக்கும் துப்பாக்கிகள் காற்றில்லாமல் முடங்கின, எண்ணெய்க் கறையோடு டீ சர்ட்டுகள் குவிந்தன. கரண்ட் அப்படியும் போயிற்று. தகடுகளில் தூசி என்று சொல்லிப் பத்துப் பேரைக் கூரைக்கு ஏற்றிக் கழுவ வைத்தார். அவர்களுடைய நிழல் தகடுகளில் விழுந்து, இருந்த கரண்டும் குறைந்தது. அதைச் சொல்ல சோமனூருக்குப் போன் செய்தார். சுத்தமாக அணைந்தது.

புதன்கிழமை மயிலாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“அண்ணா, தப்பா நெனைக்காதீங்க. நீங்க போன் பேசறப்பத்தானுங்க போகுது.”

அவருக்குக் கோபம் வரவில்லை. முகம் மலர்ந்தது. புதுச் சந்தேகம் ஒன்று கிடைத்துவிட்டதே!

“செல்போன் அலை வந்து பெட்டியக் கெடுக்குதுங்கறே? இருக்கும், இருக்கும். சோதிச்சுப் பாத்தர்லாம் வா.”

பெட்டியை ஒட்டி நின்று மனைவி நஞ்சம்மாளை அழைத்தார்.

“என்னாச்சுங்க?” என்று பதறினாள் நஞ்சம்மாள்.

“ஒண்ணுமில்ல. சும்மா ஏதாச்சும் பேசு.”

“சும்மாவா? கல்யாணமானதுல இருந்து இன்னைக்குத்தான் என்னைப் பேசச் சொல்றீங்க. ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா?”

பிறகு நஞ்சம்மாள் பேசினாள். தண்ணீர் வராதது, அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்குப் போகாதது, மிக்சி எல்லாவற்றையும் பேசினாள். விளக்கு ஒன்றுகூட மினுக்கவில்லை.

அடுத்து ஆறுச்சாமி ரோட்டைத் தாண்டி டீக்கடைக்கு நடந்தார். அங்கிருந்து சோமனூரை அழைத்தார். “சும்மா ஒரு டெஸ்டுங்க அம்மிணி” என்று ஆரம்பித்தவர், நிழலிலேயே நின்று அவளோடு இன்னும் கொஞ்சம் பேசினார். கம்பெனியிலிருந்து வந்த இரைச்சல் சட்டென்று நின்றது.

வெற்றியோடு திரும்பி வந்தார்.

“கேட்டுக்க மயிலா. பெட்டிக்குப் பக்கத்துல நின்னு பேசுனேன், போகல. தூரத்துல டீக்கடையில நின்னு பேசுனேன், போயிருச்சு. இதுல இருந்து என்ன தெரியுது? போனுக்கும் கரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.”

மயிலாளுக்கு அதில் ஏதோ இடித்தது. என்ன இடிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. அயனிங் டேபிளுக்குத் திரும்பிப் போனாள்.

வியாழக்கிழமை மாலை ஆறுச்சாமி சசிகுமாரையே பிடித்தார். அவர் வேறு ஏதோ ஊரில் வேறு ஏதோ கம்பெனிக்குப் பெட்டி மாட்டிக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு உங்காபீஸ் பொண்ணு காலையில இருந்து லைன்லயே இருக்கோணுமுங்க. வெக்கவே கூடாது.”

“அதுக்கென்னங்க? கஸ்டமர் சொன்னாச் செரி. சொல்லிர்றேன்” என்றார் சசிகுமார்.

வெள்ளிக்கிழமை டென்மார்க் அம்மாள் வந்தார். உயரமான, சிரித்த முகமுள்ள பெண்மணி. எதைப் பார்த்தாலும் கிட்டே போய் விசாரித்தார். ஆறுச்சாமிக்கு அவரை உடனே பிடித்துப்போயிற்று. வெளிக் கரண்ட் வராதபடி லிங்கசாமி ஆள் அனுப்பி மெயினை இறக்கச் சொன்னார். உற்சாகத்தில் ஜெனரேட்டர் ரூம் சாவியையும் எடுத்து அந்த அம்மாள் கையிலேயே கொடுத்துவிட்டார்.

எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. ஆறுச்சாமி பின்னால் ஷெட்டுக்கு வந்து பெட்டிக்கு எதிரே நின்று போனை எடுத்தார்.

“அம்மிணி, இருக்கீங்களா?”

“இருக்கேனுங்க சார்” என்றாள் தமிழ்மதி, அழுதுவிடுவாள்போல. “சார், ஒரே ஒரு நிமிஷம் வெச்சிரட்டுங்களா?”

“உங்க முதலாளி சொல்லியிருக்காரல்ல? லைன்லயே இருக்கோணும்.”

“ஆமாங்க, ஆனா...”

“ஆனா ஆவன்னா எல்லாம் அப்புறம். கூப்பிடறப்பெல்லாம் குரல் குடுங்க, போதும்.”

கூரைமேல் ஒரு மேகம் வந்து நின்றது. முள் சரிந்தது. பெட்டி ஏதாவது செய்யும் என்று ஆறுச்சாமி ஆவலோடு பார்த்தார். பெட்டி எதையும் செய்யவில்லை. தையல் மெஷின்களின் சத்தம் இழுத்துக்கொண்டே போய் ஓய்ந்தது. ஃபேன்கள் நின்றன. அந்த அமைதியில் டென்மார்க் அம்மாளின் செருப்புச் சத்தம் ஷெட்டை நோக்கி வருவது தெளிவாகக் கேட்டது.

“அம்மிணி! போச்சுங்க!”

“சார், கும்பிட்டுக் கேக்கறேன், போனை வெச்சிருங்க சார்!”

“இந்நேரத்துலயா வெப்பாங்க? இப்பத்தான் நீங்க வேணும்! என்ன பண்ணட்டும், சொல்லுங்க.”

“வெக்கறதுதானுங்க பண்ணோணும்!”

“அது முடியாதுங்க அம்மிணி.”

லிங்கசாமி வாசலில் வந்து நின்றார். அவர் பின்னால் டென்மார்க் அம்மாள் புருவத்தை உயர்த்திக்கொண்டு நின்றார். அயனிங் பெண்கள் ஆறிப்போன அயர்ன் பெட்டிகளைப் பிடித்தபடி மயிலாளைப் பார்த்தார்கள்.

மயிலாள் யோசிக்கவில்லை. நேராக வந்து ஆறுச்சாமியின் காதிலிருந்து போனைப் பிடுங்கி, அயர்ன் பெட்டிக்கு ஊற்ற வைத்திருந்த தண்ணீர் வாளிக்குள் போட்டாள். குமிழிகள் வந்தன.

“அடிப்பாவி!” என்று ஆறுச்சாமி வாளிக்குள் கையை விட்டார்.

அவர் போனைத் துழாவி எடுத்துச் சட்டையில் துடைத்து முடிப்பதற்குள் விளக்குகள் எரிந்தன. முதலில் தையல் மெஷின்கள், பிறகு ஃபேன்கள், கடைசியாக அயர்ன் பெட்டிகள். மேகம் இன்னும் கூரைமேல்தான் நின்றுகொண்டிருந்தது. அதற்குப்பிறகு அந்த அம்மாள் புறப்படும்வரை ஒரு விளக்குகூட அணையவில்லை.

“வேணும்னேதான் நிறுத்துனமுங்க மேடம். விழுந்தாலும் தானே எந்திரிச்சுக்கும்னு காட்டறதுக்கு” என்று லிங்கசாமி ஆங்கிலத்தில் சமாளித்தார்.

டென்மார்க் அம்மாள் கை தட்டினார். இந்த மாதிரிச் சோதனையை யாரும் தானாக முன்வந்து செய்து காட்டியதில்லை என்றார். சாவியைத் திருப்பிக் கொடுத்தார். ஆர்டரை உறுதி செய்துவிட்டே காரில் ஏறினார்.

அன்று கம்பெனி முழுக்க லட்டு. லிங்கசாமி மயிலாளுக்குத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்தார். ஷெட்டுப் பெண்கள் சத்தம் போட்டுச் சிரித்தார்கள். ஆறுச்சாமியும் சந்தோஷமாகத்தான் இருந்தார், ஆனால் கையிலிருந்த லட்டைக் கடிக்க மறந்தார். போன் தண்ணீரில் விழுந்தால் பெட்டிக்கு ஏன் புத்தி வர வேண்டும்? எந்த விஞ்ஞானத்தில் இருக்கிறது இது?

மறுநாள் காலை பஸ் பிடித்து சோமனூருக்கே போய்விட்டார்.

விலாசத்தில் இருந்தது ஒரு விசைத்தறிக் கூடம். கீழே தறிகள் தடக் தடக்கென்று பூமியையே அடித்துக்கொண்டிருந்தன. பக்கவாட்டுப் படியேறினால் ஒரே ஒரு அறை. உள்ளே ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர். அதன் முன்னால் ஒரு பெண் திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். திரையில் நெருப்பெரிச்சல் கம்பெனியின் வெயில், காற்று, பேட்டரி எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. தறிச் சத்தத்தில் தண்ணீர் டம்ளர்கூட மேஜையில் நகர்ந்தது.

“அம்மிணி! நாந்தான் ஆறுச்சாமி!” என்று கத்தினார்.

தமிழ்மதி திடுக்கிட்டுப் பார்த்தாள். முதலில் அவர் கையைத்தான் பார்த்தாள், போன் இருக்கிறதா என்று. இல்லை என்று தெரிந்ததும் நாற்காலியைக் காட்டிவிட்டு, மறுபடி கண்ணைத் திரைக்கே திருப்பினாள்.

“சத்தமா இருக்குது, வெளிய வாங்க, பேசலாம்!” என்றார் ஆறுச்சாமி.

அவள் வேகமாகத் தலையாட்டி மறுத்தாள்.

“செரி, எந்திரிக்க வேண்டாம். உங்க மேல கோவமும் இல்ல. ஒரே ஒரு சந்தேகம். அந்த மூளை எங்கீங்க இருக்குது? ஒருக்காக் கண்ணுல பாத்துட்டுப் போயர்றேன்!”

அறையில் வேறு எந்த மெஷினும் இல்லை. அவர் மேஜைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். தமிழ்மதி வாசலில் முதலாளி இல்லையே என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு ஒரு கையால் பட்டனைத் தட்டிக்கொண்டே, சாய்ந்து அவர் காதருகே கத்தினாள்:

“மூளைக்கான ப்ரோக்ராமை இன்னும் எழுதி முடிக்கலீங்க சார், அதுவரைக்கும் நாந்தானுங்க ஆட்டோமேட்டிக், நீங்க போன் பண்றப்பெல்லாம் இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்காம நான் மொட்டை மாடிக்கு ஓடிப்போய்ப் பேசறேன், அந்நேரத்துல உங்க கம்பெனியப் பாத்துக்க இங்க ஆளே இல்லீங்க!”