அப்பா விளையாட்டு

“ஆல்ட்டர்!” என்று தோசையின் கருகிய ஓரத்தில் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டினாள் மைதிலி. வயது நான்கு. குறையுள்ள பனியனைத் தையலுக்குத் திருப்பியனுப்ப அவள் அம்மா கம்பெனியில் சொல்லும் வார்த்தை அது.

அவள் அப்பா சசிகுமார் ஸ்டிக்கரை அவசரமாகப் பிய்த்தெடுத்தான். ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து அவன் அண்ணன் அங்கமுத்து ஊரில், குண்டடத்தில், பஸ் ஏறிவிட்டார். சசிகுமார் தைத்துக்கொண்டிருந்த பவர்டேபிள் தையல்கூடத்தை மூடியதிலிருந்து வேலைக்குப் போவது மனைவி நிர்மலா, வீட்டில் தோசை சுடுவது அவன். அண்ணனிடம் போனில் சொல்லி வைத்திருந்தது இதற்கு நேர் தலைகீழ். ‘நம்ம பரம்பரையில ஆம்பளை எவனும் கரண்டியைத் தொட்டதில்லைடா’ என்பது அண்ணன் அடிக்கடி சொல்லும் வேதம்.

பெரியவர்கள் வாயைப் பூட்டலாம். விளையாடுகிற குழந்தையை என்ன செய்வது? இவளோ பொம்மைகளை வரிசையாக நிறுத்தி, “புரொடக்‌ஷன் எங்க?” என்று மிரட்டுகிறவள். அதற்குத்தான் அனுப்பர்பாளையம் போய் ஒரு செட் எவர்சில்வர் சொப்புச் சாமான் வாங்கி வந்திருந்தான்.

“பொட்டப்புள்ள சொப்பு வெச்சு விளையாடோணும். அண்ணனுக்குச் சந்தேகமே வராது,” என்றான் நிர்மலாவிடம்.

“அதெப்புடீங்க?”

“அம்மாவைப் பார்த்துத்தான புள்ள விளையாடும்? ஊட்ல நீதான் சமைக்கறேன்னு நெனச்சுக்குவாரு.”

நிர்மலா கொஞ்சம் யோசித்தாள். “சரீங்க. மாமா முன்னால இவ பொம்பளை விளையாட்டு விளையாடுனா இன்னைக்குச் சமையல் என்னோடது. வாயே தொறக்கமாட்டேன். ஆம்பளை விளையாட்டு விளையாடுனா?”

“நான் சமைக்கறேன். அண்ணன் முன்னாலயே!”

“தினம் சமைக்கறப்ப மாதிரியே தோள்ல துண்டு போட்டுட்டு?”

“போட்டுட்டு!”

ஸ்டிக்கரையும் பொம்மைகளையும் பரண்மேல் ஏற்றினான் சசிகுமார்.

அங்கமுத்து வந்து நாற்காலியில் சாய்ந்தார். மைதிலி அவர் காலடியில் சொப்புகளைப் பரப்பி, குண்டானில் இல்லாத குழம்பைக் கிண்டினாள். சசிகுமாருக்கு நெஞ்சு ஓரங்குலம் நிமிர்ந்தது.

“பரவால்லடா. அம்மா கைப்பக்குவம் அப்படியே வருது,” என்றார் அண்ணன்.

“ஆமாங்ணா. நிர்மலா அடுப்படியை விட்டு வெளியவே வரமாட்டாளுங்ணா.”

வெளியே வந்த நிர்மலா குழந்தை பக்கத்தில் உட்கார்ந்தாள். “கண்ணு, என்ன விளையாட்டு இது?”

எப்போதும் கொடியில் கிடக்கும் துண்டு அன்றைக்கு ஏனோ முக்காலிமேல், குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில் கிடந்தது. மைதிலி அதை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“அப்பா விளையாட்டு. நான்தான் அப்பா. பேசாத, கொழம்பு அடிப்புடிச்சிரும்.”

“அம்மா எங்க?”

“கம்பெனிக்குப் போயிருச்சு.”

“அப்பா ஆம்பளையா, பொம்பளையா சாமி?”

“ஆம்பளை!” இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தாள்.

நிர்மலா கணவனைப் பார்த்தாள். சசிகுமாருக்குத் தலை சுற்றியது. சொப்பு, பொம்பளை விளையாட்டு. அப்பா, ஆம்பளை. அப்பாவாக ஆகிச் சொப்பு விளையாடினால் ஜெயித்தது யார்? ஆம்பளை செய்யும் பொம்பளை வேலையை ஆம்பளை விளையாட்டாக விளையாடும் பொட்டப்பிள்ளை... ஓவர்லாக் மெஷினில் நூல் கோர்ப்பதுகூட இத்தனை சிக்கலில்லை.

“சொப்பு சொப்புத்தான புள்ள?” என்றான் ஈனக்குரலில்.

“சாமானைப் பத்திப் பேச்சே இல்லீங்களே. விளையாட்டைப் பத்தித்தான பேசுனோம்?”

“என்றா நடக்குது இங்க?” என்றார் அங்கமுத்து.

மைதிலி எழுந்து வந்து, துண்டை அப்பாவின் கையில் திணித்தாள்.

“அப்பா, ஷிப்ட் மாத்திக்கலாம். எனக்குப் பசிக்குது.”

சசிகுமார் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனான். அண்ணன் எழுந்து பஸ்ஸைப் பார்க்கப் போய்விடுவாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டு அரிசி களைந்தான். நாற்காலி கிறீச்சிட்டது.

வேட்டியை மடித்துக்கட்டியபடி அங்கமுத்து அடுப்படி வாசலில் வந்து நின்றார். “ஊர்ல மழையே இல்லடா. காட்டுல எனக்கு வேலையும் இல்ல,” என்றார். பிறகு தரையில் சம்மணமிட்டு, முறத்திலிருந்த சின்ன வெங்காயத்தை ஒரு கை அள்ளித் தண்ணீரில் போட்டு, ஊறியதும் தலையும் வாலும் கிள்ளி, தினமும் செய்து பழகிய கையாக ஒரே இழுப்பில் தோலை உரித்துப்போட ஆரம்பித்தார்.