ஓடக் கூடாத லாரி

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்தது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் சக்கரத்தின் சரித்திரத்தில் அதற்கடுத்த மகத்தான நாள் எது என்று கேட்டால், அந்த மேல்நிலைப் பள்ளிக்கு ராணுவம் ஒரு பழைய லாரியை அன்பளிப்பாக வழங்கிய நாள்தான். எதிரி கையில் சிக்கினாலும் பாதகமில்லை என்று நிபுணர்கள் சான்று அளித்த பிறகே அது கல்விக்குக் கொடுக்கப்பட்டது. இன்னொரு லாரி அதைக் கட்டி இழுத்துவந்து, மோட்டார் பட்டறை வாசலில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.

அந்தப் பட்டறையும் லேசுப்பட்டதல்ல. அவ்வளவு சுத்தமான மோட்டார் பட்டறையை வேறெங்கும் பார்க்க முடியாது. தரையில் சொட்டு எண்ணெய் கிடையாது. ஸ்பானர்கள் வாங்கிய உறையோடு கண்ணாடி பீரோவில் துயில்கொண்டிருந்தன. பீரோ சாவி தலைமையாசிரியரிடம். தொட்டால் தேய்ந்துவிடுமே!

அங்கே பாடம் நடத்தியவருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'சார்ட்டு சார்'. சுவரில் தொங்கிய இன்ஜின் படத்தைக் குச்சியால் குத்திக் குத்தி அவர் விளக்கியதில், பிஸ்டன் இருந்த இடத்தில் ஓட்டை விழுந்து, பின்னாலிருந்த சுவர் தெரிந்தது. இன்ஜினைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை, இன்ஜினைத்தான் தெரியாது. தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்தவர். வேலை இன்னும் தற்காலிகம். நரை மட்டும் நிரந்தரமாகியிருந்தது. அதனால் யாரையும் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார். கூட்டங்களில் மற்றவர்கள் தலையசைப்பதற்கு முன்பே அசைத்துவிடுவார்.

லாரி வந்த வாரமே ஆசிரியர் கூட்டம் கூடியது.

"இந்த லாரிய மாணவர்களே புனரமைக்கப் போறாங்க," என்று அறிவித்தார் தலைமையாசிரியர். "செய்து கற்றல்! திறப்பு விழாவுக்குக் கல்வி அதிகாரியே வர்றார். நம்ம மோட்டார் பாடப் புத்தகத்தை எழுதினவர். கிளட்சுக்கு 'உரசிணைப்பி'ன்னு பேர் வச்ச மேதை!"

எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு, லாரிக்கு இலைப்பச்சை அடிப்பதா, பாசிப்பச்சை அடிப்பதா என்ற தேசிய முக்கியத்துவம் வாய்ந்த விவாதம் தொடங்கியது. சாயங்காலம் வரை நடந்தது. இறுதியில் பச்சை என்பதில் மட்டும் ஒருமித்த கருத்து எட்டப்பட்டது.

கிளம்பும்போது சார்ட்டு சார் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "சார், இன்ஜின்?"

"அதுக்கென்ன? இன்ஜின் ஓடுற சத்தத்தை ரெக்கார்டு பண்ணி, பானெட்டுக்குள்ள ஒரு ஸ்பீக்கர் வச்சுடுவோம். அதிகாரி சாவிய திருப்புவார், எலெக்ட்ரீஷியன் சத்தத்தைப் போடுவார். புகை வராது, சுற்றுச்சூழலுக்கும் நல்லது."

சார்ட்டு சார் வழக்கம்போலத் தலையசைத்தார். பீரோ சாவியை வாங்கிக்கொண்டு வகுப்புக்குப் போய், பிள்ளைகளிடம் தலைமையாசிரியர் சொன்ன சொல்லை அப்படியே சொன்னார்: "இந்த லாரிய நீங்க புனரமைக்கணும்."

வினை அங்கேதான் தொடங்கியது. பிள்ளைகள் சின்னஞ்சிறுசுகள். ஒரு சொல்லுக்கு அந்தச் சொல்லின் அர்த்தமேதான் என்று நம்பிவிட்டார்கள்.

அவர்களுக்குத் தலைவியாக இருந்த பெண்ணை 'நட்டு' என்று கூப்பிடுவார்கள். பேசும்போதுகூடக் கையில் எதையாவது திருகிக்கொண்டே இருப்பாள். சார் உட்காரச் சொல்வதற்குள் அவளும் இன்னும் இரண்டு பேரும் பானெட்டைத் தூக்கிவிட்டார்கள்.

சார்ட்டு சார் எட்டிப் பார்த்தார். வாழ்நாளில் முதல் முறையாக ஒரு நிஜ இன்ஜின். அவர் முகத்தில் திகைப்பு.

"என்ன சார் தேடறீங்க?" என்றாள் நட்டு.

"அம்புக்குறி எதையும் காணோமேம்மா..."

யாரும் சிரிக்கவில்லை. அவர் அவ்வளவு பரிதாபமாகக் கேட்டார். நட்டு ஒரு ஸ்பானரை உறையிலிருந்து உருவி அவர் கையில் வைத்தாள். "வாங்க சார், சேர்ந்து தேடலாம்."

அன்றிலிருந்து பட்டறையின் புகழ்பெற்ற சுத்தம் கெட்டது. படத்தில் நீல நிறமாக இருந்தது இங்கே துருப்பிடித்திருந்தது. படத்தில் வெள்ளையாக விட்டிருந்த இடத்தில் எலி குடும்பம் நடத்தியிருந்தது. சார்ட்டு சார் "இது ரேடியேட்டர்" என்று கண்டுபிடித்தபோது, தூரத்துச் சொந்தக்காரரைச் சந்தையில் பார்த்தவர்போலத் துள்ளினார். கழற்றினார்கள், கழுவினார்கள், மாட்டினார்கள். மாட்டியபின் மிச்சமானதைப் பார்த்து மறுபடி கழற்றினார்கள்.

வீட்டில் அவர் மனைவி சட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"என்னங்க இது? நீங்க வண்டிய ரிப்பேர் பண்ணீங்களா, வண்டி உங்கள ரிப்பேர் பண்ணுச்சா?"

"ரெண்டும்தான்னு நெனைக்கிறேன்," என்றார் அவர். கைகழுவ மனசில்லாமல் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் பூட்டியாகிவிட்டது. ஸ்பீக்கருக்கென்று பள்ளி வாங்கிய பெரிய பேட்டரியை மாட்டி, செல்ஃப் எடுத்தார்கள். இன்ஜின் முக்கியது, முனகியது, கிளம்பவில்லை. பாடப் புத்தகத்தைப் புரட்டினார் சார். 'எரிபொருள் வழியில் வளி தங்கின் அகற்றுக' என்றிருந்தது. எப்படி அகற்றுவது என்று மேதை சொல்லவில்லை.

"வளின்னா?" என்றாள் நட்டு.

"காத்தும்மா."

"அதை முதல்லயே காத்துன்னு எழுதியிருந்தா இந்நேரம் வண்டி ஓடியிருக்கும் சார்!" டீசல் பம்பில் குழாய் சேரும் இடத்தை அவள் கொஞ்சம் தளர்த்தினாள். சார் கைப்பம்பை அழுத்தினார். சோடா மாதிரி நுரைத்துக்கொண்டு வந்தது. நுரை நின்று சுத்தமாக டீசல் வந்ததும் இறுக்கினாள். மறுபடி செல்ஃப்.

லாரி இருமியது. கனைத்தது. பிறகு பட்டறையின் கண்ணாடிகள் அதிர உயிர்பெற்று ஓடியது. கரும்புகைக்குள் பிள்ளைகள் குதித்தார்கள். சார்ட்டு சார் ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்று சொன்னார்.

முறைப்படி மேலிடத்துக்குத் தெரிவிக்க வேண்டும் அல்லவா? சாரும் நட்டுவும் தலைமையாசிரியர் அறைக்குப் போனார்கள்.

"சார், லாரி ஓடுது."

"பிரமாதம்! பாக்கறவங்களுக்கு ஓடற மாதிரியே இருக்கணும்."

"இல்ல சார், நெஜமாவே ஓடுது," என்றாள் நட்டு.

"அதாம்மா வேணும், அந்த உணர்வு! இதே மாதிரி மேடையில ரெண்டு நிமிஷம் பேசு."

விழா நாள் வந்தது. மைதானத்தில் சாமியானா, பெற்றோர்கள் நாற்காலிகளில், முன்வரிசையில் பிரமுகர்கள். நடுவே இரண்டு பச்சைகளிலும் பாதிப் பாதி மின்னிய லாரி. சக்கரத்துக்கு அடியில் பிள்ளைகள் கல் வைத்திருந்தார்கள். "அசிங்கமா இருக்கு, எடு" என்று தலைமையாசிரியர் எடுக்கச் சொன்னார். கல்வி அதிகாரி படியேறி ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார்.

"சார், ஒரு கை ஸ்டியரிங்ல, ஒரு கை கியர்ல," என்றார் போட்டோகிராபர். "கியர அப்படியே முன்னால தள்ளுங்க. ஆங், கம்பீரமா இருக்கு!"

அதிகாரி கம்பீரமாகச் சாவியைத் திருப்பினார். எலெக்ட்ரீஷியன் பொத்தானை அமுக்கினார். ஸ்பீக்கர் உறுமியது. கூடவே லாரியும் உறுமி, ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, முதல் கியரில் நகரத் தொடங்கியது.

"அடடா! எவ்வளவு தத்ரூபம்!" என்றார் அதிகாரி, பரவசமாக. "நகர்ற மாதிரியே இருக்கே!"

முன்வரிசை சிதறியது. தலைமையாசிரியர் நாற்காலியோடு ஓடினார். பின்னால் பெற்றோர்கள், மடியில் கைக்குழந்தைகள். நகர்வது நிஜம் என்று அப்போதுதான் அதிகாரிக்கு உறைத்தது. அணைக்கச் சாவியைத் திருகினார்; பழைய டீசல் வண்டி சாவிக்கெல்லாம் நிற்கவில்லை.

சார்ட்டு சார் வாழ்க்கையில் ஓடியதில்லை, அன்று ஓடினார். நட்டு அவரையும் முந்திக்கொண்டு பக்கத்துப் படியில் தொற்றினாள்.

"கிளட்ச்ச மிதிங்க சார்!"

"எது? எது?"

"உரசிணைப்பி!" என்று கீழேயிருந்து கத்தினார் சார்ட்டு சார். "உரசிணைப்பி மிதிய மிதிங்க!"

"மிதியை மிதியா?" அதிகாரி வெகுண்டார். "கூறியது கூறல்! பாடப் புத்தகத்தில் 'மிதியை அழுத்துக' என்றுதான்—"

லாரி சாமியானாவின் முன்கம்பத்தைச் சாய்த்தது. அதிகாரி காலடியில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருந்தார். அவருக்கும் அம்புக்குறி அகப்படவில்லை போலும். சார்ட்டு சார் மறுபக்கப் படியில் ஏறி, ஜன்னல் வழியாக வயிறுவரை உள்ளே நுழைந்து, இன்ஜினை நிறுத்தும் குமிழை எட்டிப் பிடித்து இழுத்தார். அந்தக் குமிழைப் பொருத்தியவரும் அவரேதான். இன்ஜின் ஒரு விக்கலோடு நின்றது. பம்பருக்கும் முதல் குழந்தைக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

பிறகு யாரோ ஒரு தகப்பனார் எழுந்து கைதட்டினார். மொத்த மைதானமும் எழுந்து கைதட்டியது. கைதட்டுங்கள் என்று மைக்கில் சொல்லாமலே அங்கே கைதட்டல் எழுந்தது அதுதான் முதல் முறை. "நம்ம பசங்க ஓட வச்சுட்டாங்கய்யா!" என்று ஒரு குரல் கேட்டது.

அடுத்த நாளே விசாரணைக் குழு உட்கார்ந்தது. கல்லை எடுத்தது யார், கியரைத் தள்ளச் சொன்னது யார் போன்ற அற்ப விஷயங்களில் குழு காலத்தை வீணாக்கவில்லை. நேராக அடிப்படைக்குப் போனது.

"லாரி எப்படி ஓடியது?"

நட்டு சாரைப் பார்த்தாள். அவருடைய வேலை எந்த நூலில் தொங்குகிறது என்பது பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். "நாங்களா கத்துக்கிட்டோம் சார். யாரும் சொல்லித்தரல."

தலைமையாசிரியர் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா? பள்ளிக்கும் இதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை! நான் சொன்னேன் இல்லையா, நம்ம ஆசிரியர்கள் அப்படிப்பட்டவங்க இல்லைன்னு?" சார்ட்டு சார் பக்கம் திரும்பினார். "நீங்களும் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அடுத்த மாசம் உங்களை நிரந்தரமாக்கிடலாம்."

எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் தலை அசையவில்லை.

"இல்ல சார். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். பாதிய அவங்க எனக்குச் சொல்லிக்கொடுத்தாங்க. ஆனா வாத்தியார் நான்தான்."

தலைமையாசிரியரால் தாங்க முடியவில்லை. "இத்தனை வருஷம் சம்பளம் வாங்கிக்கிட்டு இப்படிப் பண்ணிட்டீங்களே!"

வெளியே வந்ததும் நட்டு அழுதாள். "ஏன் சார் சொன்னீங்க? இப்ப என்ன பண்ணுவீங்க?"

"எங்கயாவது வேலை கிடைக்கும்மா," என்றார் அவர். "இப்பதான் எனக்கு வேலை தெரியுமே!"

லாரியின் இன்ஜின் கழற்றப்பட்டது. சக்கரங்கள் சிமெண்டில் புதைக்கப்பட்டன. இனி அது யாரையும் தவறான வழியில் கொண்டுபோகாது. நீதி தவறாத அந்தக் குழு, சார்ட்டு சாரை வீட்டுக்கு அனுப்பிய உத்தரவில் அவர் செய்த குற்றத்தையும் ஒளிவுமறைவில்லாமல் குறிப்பிட்டிருந்தது: 'பள்ளி நேரத்தில், பள்ளி வளாகத்துக்குள்ளேயே, மாணவர்களுக்குப் பாடம் கற்பித்தது.'