கிழவர் ஏணியில் ஏறினார்

'கிழவர் ஏணியில் ஏறினார்' என்ற துண்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் கண்காணிப்பாளர் சாப்பாட்டு மேசை முன் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பணி ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகியும் தெரு அவரை அப்படித்தான் அழைத்தது. அதற்குக் குறைவாக யார் அழைத்தாலும் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

மருமகள் டியூஷன் எடுத்தாள். கலைத்துப் போட்ட ஆங்கில வாக்கியங்களைச் சரியான வரிசையில் அடுக்கும் பயிற்சி அது. வாக்கியங்களை அச்செடுத்து, தனித்தனியாகக் கத்தரித்து, கவரில் போட்டு முதலில் மாமனாரிடம் நீட்டுவாள்.

"நீங்க ஒரு தடவை அடுக்கிப் பாத்துடுங்க மாமா. அப்பத்தான் பிள்ளைங்ககிட்ட தைரியமா குடுக்க முடியும்."

இந்த வீட்டிலிருந்து ஆங்கிலம் பிழையோடு வெளியே போகக்கூடாது என்பதில் அவருக்குக் கண்டிப்பு உண்டு. அதனால் அடுக்கினார்.

அந்தப் பிள்ளைகளை மட்டும் அவர் பார்த்ததே இல்லை. அவர் பகலில் தூங்கும்போது வந்து போய்விடுவார்களாம். வாசலில் ஒரு செருப்புகூடக் கிடக்காது.

"சத்தமே கேக்கலையேம்மா."

"நல்ல பிள்ளைங்க மாமா."

அதுவரை சரி. பிறகு அடுக்கியதெல்லாம் நடக்கத் தொடங்கியது.

முதலில் கண்ணாடி. 'கிழவர் வீடு முழுக்கத் தேடினார். எல்லோரையும் திட்டினார். கண்ணாடி அவர் நெற்றியில் இருந்தது.' அன்று மாலையே அவர் வீட்டைப் புரட்டிப் போட்டார், மகனைத் திட்டினார், கடைசியில் நெற்றியைத் தொட்டார்.

அடுத்தது பால். 'பால் பொங்கி வழிந்தது. கிழவர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.' இனி அடுப்புப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்து, அந்த முடிவை மருமகளுக்குத் தெரிவிக்கச் சமையலறைக்குப் போனார். அவள் பயபக்தியோடு கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் முதுகுக்குப் பின்னால் பால் பொங்கியது.

இப்போது ஏணி.

'அவர் விழுந்தார்.' 'பல்பு எரிந்தது.' 'எல்லோரும் அழுதார்கள்.' 'நீங்கள் எல்லாம் யார் என்று கிழவர் சிரித்தபடி கேட்டார்.' மேசை மேல் எல்லாம் கலைந்து கிடந்தன.

"என்னம்மா கதை இது?"

"ஒரு வீட்டுக் கதை மாமா."

"யார் வீட்டுல?"

மருமகள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "ஏதோ ஒரு வீடு."

"நம்ம பரம்பரையில ஏணியிலேருந்து யாரும் விழுந்ததில்ல. எங்கப்பா எண்பது வயசுல கூரை ஏறி ஓடு மாத்தினார்."

"தெரியும் மாமா."

"நான் விழுந்தா தெருவே வேடிக்கை பாக்கும்."

அவர் பின்மண்டையைத் தடவிக்கொண்டார். அங்கே ஓரிடத்தில் மட்டும் முடி ஒட்டக் குட்டையாக இருந்தது. முடிதிருத்துபவரின் அலட்சியம். கூப்பிட்டுக் கண்டிக்க வேண்டும்.

வரிசையை மாற்றினால் நடக்கப்போவதும் மாறிவிடும் என்று தோன்றியது. 'எல்லோரும் அழுதார்கள்' என்பதை முதலில் வைத்தார். அப்படியானால் அவர் ஏணியில் கால் வைப்பதற்கு முன்பே வீட்டிலிருப்பவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டு 'நீங்கள் எல்லாம் யார்' என்பதை மேலே வைத்தார். யாரென்றே தெரியாதவர்கள் வீட்டில் ஒரு கிழவர் சிரித்தபடி ஏணி ஏறிக்கொண்டிருந்தார். இது அதைவிட மோசம்.

கடைசியில் 'அவர் விழுந்தார்' என்ற துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மற்றவற்றை மருமகளிடம் கொடுத்தார்.

அவள் பார்த்ததும் கண்டுபிடித்தாள். "ஒரு வரி குறையுதே மாமா. பரவாயில்ல, நீங்களே ஒண்ணு எழுதிடுங்களேன்."

நல்ல வாய்ப்பு. 'கிழவர் பத்திரமாக இறங்கினார்' என்று எழுதத்தான் பேனாவை எடுத்தார். கை வேறொன்றை எழுதியது.

'கடைக்காரரின் தோளில் ரத்தம் இருந்தது.'

சொல் பேச்சுக் கேட்காத குமாஸ்தாவைப் பார்ப்பதுபோலத் தன் கையையே பார்த்தார். எந்தக் கடைக்காரர்? எதற்கு ரத்தம்?

மருமகள் அந்தத் தாளை வாங்கிப் படித்தாள். உள்ளே பார்த்துக் கணவனைக் கூப்பிட்டாள். "என்னங்க, இங்க வாங்க. மாமா என்ன எழுதியிருக்காரு பாருங்க."

மகன் வந்து படித்தான். மறுபடி படித்தான். பிறகு அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டான். அவன் முகத்தில் இருந்தது மகிழ்ச்சி.

பெற்ற தகப்பன் விழப்போகிறான், ரத்தம் சிந்தப்போகிறான் என்பதில் ஒரு பிள்ளைக்கு என்ன மகிழ்ச்சி? அவர் அவன் கையை விலக்கிவிட்டு எழுந்தார். காகிதத்தோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. ஏணியையே ஒழித்துவிட வேண்டும்.

சமையலறைக்குப் பின்னால் ஏணி எப்போதும் சாத்தியிருக்கும் இடத்தில் ஏணி இல்லை. சுவரில் அதன் தடம் மட்டும் இருந்தது.

"ஏணி எங்கடா?"

மகன் மனைவியைப் பார்த்தான். "முக்கு ஜெராக்ஸ் கடையில இருக்குப்பா. கடைக்காரருக்குக் குடுத்திருக்கு."

கடைக்காரர். கண்காணிப்பாளரின் கை எழுதியது தெருமுனையில் காத்துக்கொண்டிருந்தது.

சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு அவர் நடந்தார். பின்னால் சற்றுத் தள்ளி மகனும் மருமகளும் வருவது தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

கடைக்குள் நகலெடுக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் ஏணி சாத்தியிருந்தது. அடியில் ஒரு படி உடைந்திருந்தது. யார் உடைத்தார்களோ.

"வாங்க சார்" என்று கடைக்காரர் அவசரமாக முக்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்கார வரல. இந்த ஏணி எங்க வீட்டுப் பக்கம் வரக்கூடாது. நீயும் வரக்கூடாது."

"ஏன் சார்?"

"நான் விழப்போறேன். நீ தூக்க வரப்போற. அப்படி ஒரு அவமானம் எங்க குடும்பத்துக்கு வேண்டாம். டியூஷன் பிள்ளைங்க வீட்டுக்கெல்லாம் இந்தக் கதை போயிருக்கும். எத்தனை காப்பி எடுத்தா எங்க மருமக?"

"ஒண்ணுதான் சார். எப்பவும் ஒண்ணே ஒண்ணுதான் எடுப்பாங்க."

"அத்தனை பிள்ளைங்களுக்கும் ஒரே காப்பியா?"

கடைக்காரர் வாசலைப் பார்த்தார். அங்கே மருமகள் மெல்லத் தலையசைத்தாள். கடைக்காரர் இயந்திரத்தை நிறுத்தத் திரும்பினார். துவைத்துத் துவைத்து வெளுத்த அவருடைய சட்டைத் தோளில் பழுப்பாக ஒரு கறை இருந்தது. கண்காணிப்பாளரின் கை தானாகத் தன் பின்மண்டைக்குப் போனது.

கடைக்காரர் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து முக்காலியில் உட்காரவைத்தார்.

"அதெல்லாம் இனிமே நடக்கப்போறதில்ல சார், போன மாசம் உங்களை இந்தத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடினேனே, அன்னைக்கே நடந்து முடிஞ்சிருச்சு."