சம்பந்தி வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்ட மோட்டார் சைக்கிள்

சிதம்பரம்,
மேலவீதி,
20-6-1966.

மதிப்புக்குரிய மச்சான் தாண்டவராயன் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை மங்கம்மாளின் கணவன் நடனசபாபதி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் தங்கள் தங்கைக்கு உடம்பு சுகம். தங்கள் மருமகள், எங்கள் பெண் ராஜாமணிக்கு உடம்பு சுகம், மனசு சுகமில்லை. எனக்கு இரண்டும் சுகமில்லை. அவ்விடம் அக்கா, குழந்தைகள், தங்கள் இருமல் இவற்றின் நிலைமைக்குத் தவறாமல் எழுதவும்.

நிற்க. இந்தக் கடிதத்தைக் கோபத்தில் எழுதவில்லை. கோபப்படத் தெம்பு இல்லை. ராஜாமணிக்குக் காடாம்புலியூர் முந்திரி வியாபாரி பழனிவேல் மகன் ஞானசேகரனைப் பார்த்துச் சொன்னது தாங்கள். அவர்கள் வீடு பார்க்கப் போக வேண்டும் என்றபோது, "பஸ்ல போயி எறங்குனா அவுங்க நம்மள என்னான்னு நெனைப்பாங்க மாப்ள? ரிட்டயர் ஆயிட்டீங்க, ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிப்போடுங்க" என்று சொன்னதும் தாங்கள். புது வண்டிக்குப் பேர் பதிந்துவிட்டுக் காத்திருந்தால் ராஜாமணிக்குப் பிள்ளையே பிறந்துவிடும் என்று நான் சொன்னதற்கு, கடலூர் முதுநகரில் பழைய வண்டி விற்கும் கண்ணாயிரத்தைக் காட்டி, "நம்ம ஆளு, அவன் வாய்ல பொய் வராது" என்று சொன்னதும் தாங்கள்தான். இதை எல்லாம் ஞாபகப்படுத்துவதற்காக எழுதவில்லை. ஞாபகம் இருக்கும் என்றே நினைக்கிறேன்.

கண்ணாயிரம் கடையில் அந்த வண்டி கறுப்புப் பெயிண்டில் முகம் பார்க்கிற மாதிரி நின்றது. சந்தனம், குங்குமம், கதம்பம் எல்லாம் சாத்தி இருந்தான். "ஒரு டாக்டர் வச்சிருந்த வண்டி சார். திருவதிகை கோயிலுக்கு மட்டுந்தான் எடுப்பாரு. மழை பட்டதில்ல, வெயில் பட்டதில்ல" என்றான். ரிஜிஸ்திரார் ஆபீசில் என் காலமெல்லாம் அடுத்தவன் நிலத்துக்கு வில்லங்கம் பார்த்தவன் நான். காணி நிலத்துக்குக் கிணறு யாருக்கு, வரப்பு யாருக்கு என்று கேட்காமல் கையெழுத்துப் போடவிட மாட்டேன். அப்படிப்பட்ட நான் அன்றைக்குக் கேட்ட ஒரே கேள்வி, "ஹாரன் அடிக்குமா?" என்பது. அடித்தது. இன்றுவரை அந்த வண்டியில் குறை இல்லாமல் வேலை செய்வது அந்த ஹாரன் ஒன்றுதான்.

கடலூரிலிருந்து சிதம்பரம் வரும்போதே வண்டி இடது பக்கமாகவே போகப் பார்த்தது. ஆலப்பாக்கம் தாண்டும் மட்டும் ரோடு சாய்வு என்று நினைத்தேன். புதுச்சத்திரம் வந்ததும் காற்று என்று நினைத்தேன். வீட்டு வாசலில் நிறுத்திய பிறகும் அது இடது பக்கமே பார்த்துக்கொண்டு நின்றபோது நினைக்க ஒன்றும் மிச்சமில்லை. மறுநாள் ஆசையாகக் கழுவினேன். பெட்ரோல் டாங்கியில் துணியை வைத்துத் துடைத்த இடத்தில் பெயிண்ட் பெயர்ந்து, அதன் கீழே அப்பியிருந்த பட்டிப் பூச்சும் அப்பளம் மாதிரி கையோடு வந்துவிட்டது. உள்ளே ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் பழைய சிவப்புப் பெயிண்ட். பெட்ரோல் சொட்டாமல் இருக்கத் தங்கள் தங்கை இட்லிக் குண்டானை அடியில் வைத்தாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டு இட்லியில் பெட்ரோல் வாசனை வருவதாக அவள் சொல்கிறாள். வரத்தான் வருகிறது. கண்ணாயிரத்துக்கு ஆள் விட்டுச் சொன்னதற்கு, "புது வூட்டுக்குப் பழகுற வரைக்கும் வண்டி அப்படித்தான் இருக்கும்" என்று பதில் சொல்லி அனுப்பினான். மருமகளைப் பற்றிச் சொல்வது போல இருந்ததால் நானும் நம்பினேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, நல்ல நாள். முதலில் நாங்கள் இருவரும் வீடு பார்த்து வருவது, பிறகு தாங்கள் வந்து தாம்பூலம் மாற்றுவது என்று ஏற்பாடு என்பது தங்களுக்குத் தெரியும். பட்டுப்புடவையும் கையில் பூ, பழத் தட்டுமாகத் தங்கள் தங்கை பின்னால் உட்கார்ந்தாள். "பஸ்ஸுலயே போயிடலாங்க" என்று புவனகிரி வரைக்கும் சொன்னாள். புவனகிரியில் சைலன்சர் கழன்று தொங்கியது. அதைக் கயிறு போட்டுக் கட்டிய பிறகு அவள் பேசினது எனக்கோ, நான் பேசினது அவளுக்கோ கேட்கவில்லை. குறிஞ்சிப்பாடி, வடலூர் எங்கும் ஜனங்கள் கடையை விட்டு வெளியே வந்து பார்த்தார்கள். மரியாதைக்காகப் பார்க்கிறார்கள் என்று நான் தலையை ஆட்டிக்கொண்டே போனேன்.

பழனிவேல் வீடு பெரிய வீடுதான். வாசல் களம் முழுக்க முந்திரிக்கொட்டை காயப் போட்டிருந்தார்கள். கம்பீரமாக உள்ளே திருப்பி நிறுத்துகிறேன், அடியில் படீரென்று ஒரு சத்தம். வண்டியின் நடு இரும்பு, பிரேம் என்று சொல்வார்களே, அது இரண்டாக உடைந்து, அலுத்துப்போன மாடு படுப்பது போல வண்டி மெள்ள நடுவில் உட்கார்ந்துவிட்டது. நான் நின்றபடி இருந்தேன். தங்கள் தங்கை தட்டை விடாமல் வழுக்கிக்கொண்டே போய் முந்திரிக்கொட்டைக் குவியலில் உட்கார்ந்தாள். அடி ஒன்றும் இல்லை. சம்பந்தி வீட்டில் முதல் முதலாக உட்கார்ந்தது அங்கேதான்.

சத்தம் கேட்டு பழனிவேலும் அவர் சம்சாரமும் ஓடிவந்தார்கள். மனுஷர் எங்களைப் பார்க்கவில்லை. வண்டியையே பார்த்தார். பார்த்துவிட்டுத் தன்னை மறந்து சொன்னார்: "பிரேமு இதே எடத்துலதான் போன தடவையும் ஒடைஞ்சுது."

"சும்மா இருங்களேன்" என்றார் அந்த அம்மாள்.

அப்புறம் சும்மா இருந்து என்ன பிரயோசனம்? வண்டி அவர்களுடையது. அப்போது சிவப்பு. பண்ருட்டியில் கொடுத்து வெல்டிங் வைத்து, கண்ணாயிரத்திடம் தள்ளிவிட்டிருக்கிறார்கள். அவன் கறுப்புப் பெயிண்ட் அடித்து ஒரு டாக்டரையும் சேர்த்து என்னிடம் தள்ளிவிட்டான். பழனிவேல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் அவங்கிட்ட சொல்லல, அவன் ஒங்ககிட்ட சொல்லல. இதுல யாரு மேல தப்புன்னு எப்படிங்க சொல்றது?" என்று என்னையே நியாயம் கேட்டார்.

குவியலில் உட்கார்ந்தபடியே தங்கள் தங்கை கேட்டாள். "ஒடைஞ்சப்ப யாரு ஓட்டுனது?"

பழனிவேல் மறுபடியும் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"ஒங்க மவனா?"

"ஆமாம்மா" என்றார்.

"அவுருக்கு எங்க அடி?"

"ஒண்ணும் ஆவல. எறும்பு கடிச்ச மாதிரி" என்று புருஷன் பெண்ஜாதி இரண்டு பேரும் சேர்ந்தாற்போலச் சொன்னார்கள். பையன் நெய்வேலியில் வேலைக்குப் போயிருந்தான், கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லை. காபி கொடுத்தார்கள். திரும்பும்போது ஒரு பலாப்பழமும் கொடுத்தார்கள். வண்டியை அங்கேயே சாக்குப் போட்டு மூடிவிட்டு, பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தோம்.

வடலூர் வரும் வரை தங்கள் தங்கை பலாப்பழத்தின் முள்ளையே தடவிக்கொண்டு வந்தாள். வடலூர் வந்ததும், "இரும்பு ஒடைஞ்சத பெயிண்ட் அடிச்சு வித்தவங்க, புள்ள ஒடைஞ்சத சொல்லுவாங்களா?" என்றாள். மச்சான், எனக்கும் அது நியாயமாகப் பட்டது. பெண் பார்க்க வந்த அன்று அந்தப் பிள்ளை நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான், அதிகம் பேசவில்லை. அடக்கமான பையன் என்று தாங்கள்தான் சொன்னீர்கள். இப்போது அவள், நாக்கில் தையல் போட்டிருக்கும் என்கிறாள். நேராகப் பார்க்காமல் இருந்தது கூச்சம் அல்ல, ஒரு கண் கண்ணாடிக் கண்ணாக இருக்கும் என்கிறாள். பலகாரத்தில் முறுக்கை மட்டும் தொடவில்லை, ஆகையால் பல்லும் இல்லை. பஸ் சிதம்பரம் வந்து சேர்வதற்குள் மாப்பிள்ளையிடம் சொந்தமாக இருந்தது வேஷ்டி ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்து ராஜாமணியிடம் சொன்னோம். அவள் கேட்டுக்கொண்டே பலாப்பழத்தை அரிந்தாள். அரிந்து முடித்து, சுளைகளை எல்லாம் அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து அனுப்பிவிட்டாள். தான் ஒன்றும் தின்னவில்லை. ராத்திரி சாப்பிடவும் இல்லை. அவளுக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்திருந்தது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம். ஒரே பெண். கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கவும் பயமாக இருக்கிறது, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அதனால் அந்த வேலையைத் தங்களிடம் விடுகிறேன். தாங்கள் இக்கடிதம் கண்டதும் காடாம்புலியூர் போய், சம்பந்தம் வேண்டாம் என்று நயமாகச் சொல்லிவிடவும். வரும் வழியில் கண்ணாயிரத்தைப் பார்த்து, வண்டியைக் களத்திலிருந்து அள்ளிக்கொண்டு போகச் சொல்லவும். இனி இந்த ஜன்மத்தில் நான் சக்கரம் உள்ள எதையும் வாங்கப் போவதில்லை. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் தெம்பும் இல்லை.

அக்காவுக்கு என் நமஸ்காரம். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம். தில்லைக் கூத்தன் தங்களையும் தங்கள் சிநேகிதர்களிடமிருந்து காப்பாற்றுவானாக.

இப்படிக்கு,
மனம் உடைந்த,
நடனசபாபதி.

பின் குறிப்பு: ஒட்டின கவரைப் பிரித்து எழுதுகிறேன். மேலே சொன்ன எதையும் தாங்கள் செய்ய வேண்டாம். சாயங்காலம் அந்தப் பிள்ளை ஞானசேகரன் தனியாக வந்து வாசலில் நின்றான். உள்ளே வரச் சொன்னேன். "மொதல்ல சொல்லிடறேன் மாமா, அப்பறம் வரேன்" என்றான். வடலூர் ரயில்வே கேட் கிட்ட ஆடு குறுக்கே வந்து விழுந்தானாம். வலது முழங்கால் மடங்காதாம். "நடப்பேன், மாடி ஏறுவேன். சம்மணம் போட்டு ஒக்கார முடியாது, பந்தியில ஒக்கார முடியாது. பொண்ணு பாக்க வந்தப்பவே சொல்லணும்னு இருந்தேன், அப்பா வேணாம்னுட்டாரு. ராஜாமணிக்கு இது தெரிஞ்சிருக்கணும். வேணாம்னு சொன்னா நான் தப்பா நெனைக்க மாட்டேன்" என்றான். தங்கள் தங்கை அவனைக் கிணற்றடி வரைக்கும் நடக்கவிட்டுப் பார்த்தாள். வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைப் பார்த்தாள். பல்லும் பார்த்தாள். அவனும் பொறுமையாகக் காட்டினான். எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது. இதெல்லாம் நடக்கும்போது ராஜாமணி கூடத்தில் என் எழுத்து மேசையை இழுத்துப் போட்டு, என் காகிதங்களை எல்லாம் கீழே எடுத்து வைத்து, துடைத்து, அதன் மேல் தலைவாழை இலை போட்டுவிட்டாள். போட்டுவிட்டு, "சாப்புட வரச் சொல்லுங்கப்பா" என்றாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். நான் தரையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஆவணியில் நாள் பார்க்கவும்.