வலம் வந்த பேஸ்பால்

"முடியாதுலே. நான் இந்தப் பக்கமாச் சுத்த மாட்டேன்" என்று நண்பன் பேச்சிராஜா காயைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

சாப்பாட்டு மேசையில் வேல்ராஜ் சொந்தமாகச் செய்த பேஸ்பால் விளையாட்டு விரிந்திருந்தது. ஓர் அட்டை, கொஞ்சம் காய்கள், இரண்டு பகடை, ஒரு கட்டுச் சீட்டு. பந்தை அடித்தவன் மூன்று பேஸையும் தொட்டுச் சுற்றி, புறப்பட்ட இடமான 'வீட்டு'க்கே வந்தால் ஒரு ரன்.

"ஏம்லே, இந்தப் பக்கத்துக்கு என்ன?"

"இது இடமாச் சுத்துது. நடுவுல பந்து எறியுதவன் நிக்கான். அவனை அப்பிரதட்சணமாச் சுத்தச் சொல்லுதியா? சங்கரன்கோவில்ல இருந்துக்கிட்டு?"

"அமெரிக்காவுல காலங்காலமா இப்படித்தாம்லே ஓடுதான்."

"அதான் அவன் இன்னும் ஓடிக்கிட்டே இருக்கான்."

அவனை வெளியே அனுப்பவும் வழியில்லை. சென்னையில் ஒரு பொம்மைக் கம்பெனி போட்டி அறிவித்திருந்தது. ஜெயிக்கிற விளையாட்டைத் தயாரித்து, கண்டுபிடித்தவர் பெயரைப் பெட்டி மேல் அச்சடிப்பார்களாம். பதினெட்டு வருடமாக ஜவுளிக்கடையில் அடுத்தவன் பெயர் போட்ட பெட்டிகளில் சேலை மடித்து வைக்கிற வேல்ராஜுக்கு, சாவதற்குள் ஒரு பெட்டி மேலாவது தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும். ஆனால் வீட்டார் அல்லாத ஒருவர் விளையாடிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. பேஸ்பாலே தெரியாத ஆளாக இருந்தால் இன்னும் நல்லது என்று வேல்ராஜே சேர்த்துக்கொண்டான். அந்தத் தகுதி பேச்சிராஜாவிடம் அபாரமாக இருந்தது.

மறுநாள் எல்லாம் திருப்பி வரையப்பட்டது. பழைய அட்டையையும் சீட்டுகளையும் போகிற வழியில் குப்பையில் போடுவதாகச் சொல்லி பேச்சிராஜாவே அக்கறையாக எடுத்துப் போனான். காய்கள் பக்தியோடு வலம் வந்தன. பந்து எந்தப் பக்கம் விழுகிறது என்று சொல்லும் முப்பத்தாறு சீட்டுகளையும் திருப்பி எழுதியதில் எல்லாம் குழம்பி, யாருமே அவுட் ஆகவில்லை. பேச்சிராஜா எழுபத்தொரு ரன் எடுத்தான். நாலு தடவை காப்பி குடித்தான்.

"ஒண்ணு சொல்லட்டுமா மக்கா? மூணு பேஸுலயும் மூணு பேரு நிக்கானுவ. மூணு பேரா ஒரு நல்ல காரியத்துக்குப் போவோமா?"

"இவனுவ என்ன பொண்ணு பாக்கவாலே போறானுவ?"

"பிறவு உன் இஷ்டம். கையெழுத்து நானுல்லா போடணும்."

நாலாவது பேஸ் முளைத்தது. களம் ஐங்கோணமாயிற்று. வீட்டுக்கு வழி நீண்டு, ஒரு காய் திரும்பி வருவதற்குள் பொழுது சாய்ந்தது. வேல்ராஜின் மனைவி சுமதி குழம்புச் சட்டியோடு வந்து மேசையைப் பார்த்தாள்.

"காயெல்லாம் வீடு வந்து சேந்த பிறவு சொல்லுங்க, சோறு போடுதேன்" என்று திரும்பிப் போய்விட்டாள்.

ஆட்டத்தைச் சீக்கிரம் முடிக்க வேல்ராஜ் ஒரு புது விதி போட்டான். முதல் ரன் எடுத்தவனே ஜெயித்தவன். யாரும் அவுட்டே ஆகாத விளையாட்டில், முதலில் மட்டை பிடித்தவன்தான் ஒவ்வொரு முறையும் ஜெயித்தான். முதலில் மட்டை பிடித்தது ஒவ்வொரு முறையும் பேச்சிராஜா.

"இப்பந்தாம்லே இது விளையாட்டு மாதிரி இருக்கு" என்று சொல்லி அவன் கையெழுத்துப் போட்டான். பிறகு ஒரு வெள்ளைத்தாளை நீட்டினான். "எனக்கும் ஒண்ணு போட்டுத் தா. நாளைக்கு நீ பெரிய ஆளாயிட்டா உன் கையெழுத்து கிடைக்காது."

வேல்ராஜ் கூச்சத்தோடு போட்டுக் கொடுத்தான். அடியில் ஒரு கோடும் இழுத்தான்.

கடைசித் தேதிக்கு ஒரு நாள் இருக்கும்போது கூரியர் ஆபீசுக்குப் போனான். போட்டி விதிப்படி பெட்டி மேலேயே கண்டுபிடித்தவர், விளையாடிப் பார்த்தவர் இருவர் பெயரும் எழுதியிருந்தது. 'கண்டுபிடித்தவர்: வேல்ராஜ்' என்ற வரியை வழியெல்லாம் தடவிப் பார்த்துக்கொண்டே வந்தான். வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது.

கூரியர் ஆபீஸ் கோமதியம்மாள் பெட்டியை எடை போட்டாள்.

"இதுவும் பேஸ்பாலா? நேத்து பேச்சிராஜா அண்ணாச்சியும் இதே முகவரிக்குத்தான் அவுக கண்டுபிடிச்ச பேஸ்பாலை அனுப்புனாவ."

வேல்ராஜ் தன் பெட்டி மேல் இருந்த வரியைப் பார்த்தான். "அப்ப... என் பேரு?" என்று மட்டும் கேட்டான்.

கோமதியம்மாள் ரசீதைக் கிழித்து நீட்டினாள்.

"அவுக அப்படியெல்லாம் விட்டுருவாவளா? பெட்டி மேல கொட்டை எழுத்துல உங்க பேரும் இருந்துச்சே அண்ணாச்சி, விளையாடிப் பார்த்தவர்னு."